பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் ஒரு குழந்தை இருக்கிறதா? அப்படியானால் அடுப்பைச் சிறிதாக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். இது பல்லைப் பற்றிய சமாசாரம். பல் என்றதும் ‘அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. எங்கள் தீவில் அதைத் தெரிந்துவைத்திருந்த தாய்மார்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

குழந்தைக்கு முன்பல் ஆடத் தொடங்கினால் வீட்டில் எத்தனை அமர்க்களம்! நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டும். அண்ணன்மார் “பொக்கை வாயி” என்று கேலி செய்வார்கள். பல் விழுந்ததும் அதைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறியச் சொல்வார்கள். எங்கள் பாம்பன் பக்கம் ஓலைக்கூரை குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன. ஆனாலும் அப்பத்தாக்கள் விடுவதில்லை. மொட்டை மாடியிலாவது எறியச் சொல்கிறார்கள். கடலுக்கு அந்தக் கரையில் இலங்கையில், பல்லைக் கூரையில் போட்டுவிட்டு அணிலிடம் புதுப் பல் கேட்பார்களாம்.

இத்தனை கொண்டாட்டமும் முன்பல்லுக்கு மட்டும்தான். அதே சமயத்தில், அதே வாயில், ஓர் ஓசையும் இல்லாமல் இன்னொரு பல் முளைக்கிறது. பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், கடைவாயின் ஓரத்தில், மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பற்கள் வருகின்றன. இவற்றுக்கு இடம் கொடுக்க எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. ஆடுவதில்லை, ரத்தம் வருவதில்லை. அதனால் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. கண்ணில் பட்டாலும் ‘பால் பல் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, எப்படியும் விழுந்துவிடும்’ என்று நினைத்துவிடுகிறோம்.

அது பால் பல் இல்லை, சகோதரிகளே. அதுதான் நிலைப்பல். ஆயுள் முழுவதும் சோற்றையும் மீனையும் மென்று கொடுக்க வேண்டிய பல். சொத்தையாகி விழுந்தால் அதற்கு மறுபடி முளைப்பது என்பதே கிடையாது. ஏறக்குறைய ஆறு வயதில் வருவதால் டாக்டர்கள் அதை ‘ஆறு வயதுக் கடைவாய்ப் பல்’ என்கிறார்கள்.

என் கீழ்த்தாடையில் இடது பக்கம் அந்தப் பல் இல்லை. எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பதினொரு வயதில் பல்வலி தாங்காமல் இரண்டு நாள் அழுதேன். அம்மாச்சி கிராம்பை நசுக்கி வைத்தார். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கவைத்தார்கள். கடைசியில் ஊருக்கு எப்போதாவது வந்துபோகும் ஒருவர் பிடுங்கி எடுத்தார். “அழாதே தாயி, பால் பல்லுதான். வேற முளைச்சிரும்” என்று சொன்னார்கள். நானும் நாக்கால் தடவித் தடவிப் பார்த்துக் காத்திருந்தேன். முளைக்கவே இல்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை எங்கள் தீவிலிருந்து வெளியே போக ரயில், இல்லாவிட்டால் படகு. பாலம் வந்த பிறகும் ஒரு பல்லுக்காக ராமநாதபுரம் வரை போவது அந்த நாளில் யாருக்கும் தோன்றாத காரியம். ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். பக்கத்துப் பல் அந்தச் சந்துக்குள் சாய்ந்துவிட்டது. அதற்கு நேர் மேலே இருந்த பல், எதிர்ப்பல் இல்லாததால் கீழே இறங்கிவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக ஒரு பக்கத்திலேயே மெல்லுகிறேன். பனங்கிழங்கு கடிக்க முடியாது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், நண்டுக் காலைக் கல்லால் தட்டி உடைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

சரி, பால் பல் எது, நிலைப்பல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மிகவும் எளிது. குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து ‘ஆ’ என்று வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுப்பல்லிலிருந்து ஒரு பக்கமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். பால் பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். மேலும் கீழும், இடமும் வலமும் சேர்த்தால் மொத்தம் இருபது. ஐந்துக்குப் பின்னால் ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிலைப்பல். ஆறு வயதில் ஆறாவது பல் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் மறக்காது. முன்னால் ஒரு பல் விழுந்து ஓட்டையாக இருந்தால் அந்த இடத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மற்ற பற்கள் எப்போது வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறிலிருந்து ஏழு வயதுக்குள் கீழ் நடுப்பற்கள் இரண்டும் விழுந்து முளைக்கும். ஏழு, எட்டில் மேல் நடுப்பற்கள். அவற்றுக்குப் பக்கத்துப் பற்கள் ஏழிலிருந்து ஒன்பதுக்குள். கோரைப் பல் கீழே ஒன்பது, பத்திலும் மேலே பதினொன்று, பன்னிரண்டிலும் வரும். பால் கடைவாய்ப் பற்கள் இருந்த இடத்தில் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் புதியவை வரும். ஆறு வயதுப் பல்லுக்குப் பின்னால் பன்னிரண்டு வயதை ஒட்டி இன்னொரு கடைவாய்ப் பல் வரும். ஞானப் பல்லுக்குப் பதினேழு வயதாவது ஆக வேண்டும். அது சிலருக்கு வருவதே இல்லை.

இந்தக் கணக்கு கடிகாரம் போல இருக்காது. பெண் குழந்தைகளுக்குப் பொதுவாகச் சற்று முந்தி வரும், பையன்களுக்குப் பிந்தி வரும். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஐந்தரை வயதில் வந்த பல் தம்பிக்கு ஏழு வயதில் வரலாம். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும், போஷாக்கு இல்லாத குழந்தைக்கும் தாமதப்படலாம். ஊருக்கு ஊர், இனத்துக்கு இனமும் மாறும். பசிபிக் கடலில் நியூகினியைச் சேர்ந்த தீவுகளின் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, ஐரோப்பியப் பிள்ளைகளைவிட நிலைப்பற்கள் முந்தியே வருவதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஒரு வருஷம் முன்பின் ஆவது சகஜம். எட்டு வயதாகியும் ஒரு நிலைப்பல்கூட வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டினால் போதும்.

பல்லைப் பார்த்து வயது சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. என் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. அவர் பிறந்த தேதி எழுதிவைத்திருந்த நோட்டும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னாராம். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, விழுந்திருந்த முன்பல்லைப் பார்த்து ஒரு வயதை எழுதிக்கொண்டாராம். “என் வயசு எனக்கே தெரியாது, அந்த வாத்தியாருக்குத்தான் தெரியும்” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளை நூல் மில்களில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1833-ல் சட்டம் வந்தது. ஏழைப் பெற்றோர்கள் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். அப்போது எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயைப் பரிசோதித்தார். உயரத்தைவிடப் பல்லே வயதைச் சரியாகக் காட்டும் என்று 1837-ல் பாராளுமன்றத்துக்கு எழுதிக்கொடுத்தார்.

பல் முளைக்கும் வயதைத் தெரிந்துகொள்வது எதற்கு என்று கேட்பீர்கள். முளைக்கும் சமயத்தில்தான் அதற்கு ஆபத்து அதிகம். புதிதாக வந்த பல்லின் மேல்பூச்சு முழுதாக இறுகியிருக்காது. அது இறுக இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். மேலே ஆழமான பள்ளங்களும் கோடுகளும் இருக்கும்; பிஸ்கட் மாவும் மிட்டாய்ப் பிசினும் அதில் போய் அடைந்துகொள்ளும். பல் முழுதாக மேலே வரும்வரை பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். இப்படி முளைத்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே சொத்தை விழுந்துவிடுகிறது. அதற்குப் பூச்சியும் காரணமில்லை, புழுவும் காரணமில்லை. வாயில் தங்கும் இனிப்பைக் கிருமிகள் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது.

இதற்கு ஒரு தீவின் கதையே சாட்சி. அட்லாண்டிக் கடலின் தென்பகுதியில், ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் நடுவில் டிரிஸ்டன் டா குன்யா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். மீனும், உருளைக்கிழங்கும், பாலும், முட்டையும்தான் சாப்பாடு. கப்பல் எப்போதாவது வரும்; சர்க்கரை அபூர்வம். 1937-ல் நார்வே நாட்டிலிருந்து போன விஞ்ஞானிகள் குழு அங்கே எல்லோருடைய பற்களையும் பார்த்தது. இருபது வயதுக்கு உட்பட்டவர்களிடம் அந்த ஆறு வயதுக் கடைவாய்ப் பல் ஒன்றுகூடச் சொத்தையாக இல்லை. பிறகு அங்கே இறால் வகையைப் பிடித்துப் பதப்படுத்தும் தொழிற்சாலை வந்தது. கையில் காசு புழங்கியது. கடை வந்தது, சர்க்கரையும் மிட்டாயும் மாவுப் பண்டங்களும் வந்தன. 1961-ல் எரிமலை வெடித்து ஊரையே இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே 1962-ல் பரிசோதித்தபோது, அதே வயதுக்காரர்களிடம் அந்தக் கடைவாய்ப் பற்களில் ஏறத்தாழப் பாதி சொத்தை! அதே தீவு, அதே குடும்பங்கள். இருபத்தைந்து வருஷத்தில் மாறியது சாப்பாடுதான்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊரே கண்முன் வந்தது. இங்கேயும் அப்பா தொழிலுக்குப் போய்விட்டு வந்து மீன்பாடு நன்றாக இருந்தால் பிள்ளை கையில் பத்து ரூபாய் கொடுப்பார். அம்மா கடல்பாசி எடுக்கவோ, மீன் காயப்போடவோ போயிருப்பாள். பிள்ளை அழாமல் இருக்க அப்பத்தா பெட்டிக்கடைக்கு அனுப்புவார். ஐந்து ரூபாய்ப் பாக்கெட், கிரீம் பிஸ்கட், ஜவ்வு மிட்டாய். காலையில் டீயும் பன்னும் ஆயிற்று. பனைமரம் நிறைந்த சீமை என்பதால் ‘கருப்பட்டி நல்லதுதானே’ என்பார்கள். உடம்புக்கு எப்படியோ, பல்லுக்குக் கருப்பட்டியும் சர்க்கரையும் ஒன்றுதான். இனிப்பையே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது நடக்காது. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு வேளை கொடுங்கள். நாள் பூராவும் கொறிக்க விடாதீர்கள். எத்தனை தின்றது என்பதைவிட எத்தனை தடவை தின்றது என்பதில்தான் கெடுதல் அதிகம். இடையில் பசித்தால் சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரிக்காய், நுங்கு கொடுக்கலாம்.

போன வருஷம் என் ஓரகத்தியின் மகன், ஏழு வயதுப் பையன், ஐஸ் தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்றான். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் வலது பக்கம், எண்ணினால் ஆறாவது பல். நடுப்பள்ளத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

“பால் பல்லுதானேக்கா, விழுந்துரும். எதுக்கு இதுக்குப் போயி அலையணும்?” என்றாள் ஓரகத்தி.

“இல்லம்மா, எண்ணிப் பாரு. இது எனக்கு விழுந்துச்சே, அந்தப் பல்லு” என்றேன்.

அவள் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே இருவரும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “நல்ல வேளை, சொத்தை மேலாகத்தான் இருக்கு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தால் நரம்பு வரைக்கும் போயிருக்கும்” என்றார். அன்றைக்கே சுத்தம் செய்து அடைத்துவிட்டார். மற்ற மூன்று கடைவாய்ப் பற்களின் பள்ளங்களிலும் சொத்தை வராமலிருக்க மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசினார். அதற்கு ‘சீலன்ட்’ என்று பெயராம். ஊசி இல்லை, வலி இல்லை. பையன் திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டான்.

டாக்டரம்மா சொன்னவற்றை உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

காலையில் ஒரு தரம், ராத்திரி படுக்கும்முன் ஒரு தரம் பல் தேய்க்க வேண்டும். ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம். தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் போகக்கூடாது. ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் நல்லது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்குமேல் ஒரு பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பவைக்க வேண்டும். கரி, சாம்பல், மணல் எதுவும் கூடாது. அவை பல்லைத் தேய்த்துக் கரைத்துவிடும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் கூட இருந்து தேய்த்துவிட வேண்டும். புதிதாக முளைக்கும் கடைவாய்ப் பல்லுக்குக் கன்னத்தின் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்துத் தேய்த்தால்தான் எட்டும்.

கீழே பால் பல் விழாமலேயே அதன் பின்னால் புதுப் பல் முளைத்து இரட்டை வரிசையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பால் பல் ஆடினால் சில வாரங்களில் தானே விழும். நாக்கு புதுப் பல்லை முன்னால் தள்ளிவிடும். ஆடவே இல்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் ஊரில் இதைப் பார்த்தால் ‘சுறாவுக்கு மாதிரி’ என்பார்கள். சுறாவுக்கு வாழ்நாள் முழுக்க வரிசை வரிசையாகப் பல் வந்துகொண்டே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே!

மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். கோரைப் பல் வரும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். புதுப் பல் பால் பல்லைவிடச் சற்று மஞ்சளாகத் தெரிவதும் இயற்கை. ஆனால் வரும்போதே சுண்ணாம்பு போல வெள்ளையாகவோ, காவி நிறமாகவோ திட்டுகள் இருந்தால் உடனே காட்ட வேண்டும். அப்படிப்பட்ட பல் சீக்கிரம் உதிரும்.

பால் பல்லையும் அலட்சியம் செய்யக்கூடாது. பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து, அடியில் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்துவைக்கின்றன. சொத்தையாகி முன்கூட்டியே பிடுங்கினால் ஆறு வயதுப் பல் முன்னால் நகர்ந்துவிடும். பிறகு வருகிற பல்லுக்கு இடமில்லாமல் கோணலாகும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மாருக்கும் இதில் சேதி உண்டு. ஆறு வயதில் வெளியே வரும் அந்தப் பல், குழந்தை பிறக்கும்போதே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. மூன்று வயதுக்குள் அதன் மேல்பாகம் முழுதாகிவிடும். அதனால் அந்த மூன்று வருஷத்துச் சாப்பாடும் ஆரோக்கியமும் ஆறு வயதுப் பல்லுக்கும் சேர்த்துத்தான். சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க விடாதீர்கள்.

பெரிய பிள்ளை விளையாடும்போது விழுந்து, நிலைப்பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால் எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்தெடுத்து, காய்ச்சி ஆறிய பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல் கழன்றால் திரும்பப் பொருத்தக்கூடாது.

ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அதில் பல்லும் அடக்கம். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். எங்கள் கடற்கரைச் சகோதரிகளுக்கு இன்னொரு யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பல வீடுகளில் அப்பாவும் இருப்பார், பள்ளிக்கும் விடுமுறை. கையில் காசு இல்லாத காலம்தான். ஆனால் அரசு மருத்துவமனைக்குப் பஸ் காசு போதும். பல் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு முறை அந்த நாட்களில் காட்டிவிட்டு வரலாம்.

பல் போனால் சொல் போச்சு என்பது கிழவர்களுக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை. இன்று ராத்திரி பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடித்ததும், கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து எண்ணுங்கள். ஆறாவது பல் வந்திருந்தால் இன்றிலிருந்தே அதை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். வராவிட்டால் மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சொல்லுங்கள்.